கிழிந்த ஜவ்வுக்கு எங்கிருந்து எடுப்பது? என் முட்டியும் மச்சினன் முட்டியும்

போன வாரம் ஒரு வீட்டில் ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் மாற்றப் போயிருந்தேன். வேலை முடிகிற நேரத்தில் அந்த வீட்டு அம்மா, "தம்பி, சிங்க்குக்குக் கீழயும் சொட்டுது, ஒரு தடவை பாத்துருப்பா" என்றார்கள். குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கெட்டை நகர்த்திவிட்டு, முட்டி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தலையை விட்டு நட்டை இறுக்கினேன். எழுந்த பிறகுதான் உறைத்தது, பத்து நிமிடமாக இடது முட்டியையும் சேர்த்தே ஊன்றியிருக்கிறேன். ஆபரேஷன் ஆன முட்டி அதுதான். ராத்திரி வலி எடுக்கும் என்று தைலம் எல்லாம் எடுத்து வைத்தேன், எடுக்கவில்லை.

என் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, எனக்கு ஒன்றரை வருடம் முன்னால், எனக்குக் கிழிந்த அதே ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து அதே ஆபரேஷன் நடந்தது. கபடி ஆடுகிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். இன்றைக்கு என்னைவிட வேகமாக ஓடுவான், என்னைவிட உயரமாகக் குதிப்பான். ஆனால் அந்த சிங்க்குக்குக் கீழே பத்து நிமிடம் அவனால் முடியாது. அவனுக்கு மாற்று ஜவ்வை முட்டிக்கு முன்னாலிருந்து எடுத்தார்கள், எனக்குத் தொடைக்குப் பின்னாலிருந்து. எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் அதுதான். நான் எதற்குச் சாய்கிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும், அதை மறைக்கப்போவதில்லை. நான் டாக்டர் இல்லை, திண்டுக்கல் பக்கம் வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் செய்கிறவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏ.சி.எல். என்றால் என்ன என்று நீட்டி முழக்கவில்லை. முட்டிக்கு உள்ளே குறுக்காகப் போகிற ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகாமலும் பிடித்து வைப்பது. எனக்கு 2023 சித்திரையில் கோயில் திருவிழா வாலிபால் மேட்சில், ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கும்போது போனது. யாரும் இடிக்கவில்லை, நானாக இறங்கினேன், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் முட்டி இளநீர்க் காய் மாதிரி ஆகிவிட்டது. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றித் திரும்பினேன், முட்டி பக்கவாட்டில் நழுவி மறுபடி உள்ளே வந்தது. அந்த உணர்வை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், கால் நம்முடையதே இல்லை என்பது போல இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் ஏ.சி.எல். முழுக் கிழிசல், கூடவே உட்பக்க மெனிஸ்கஸில், அதாவது இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பில், ஒரு சின்னக் கிழிசல் என்று வந்தது.

ஆபரேஷனே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான்

இதை வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஆனால் தாண்டாமல் போகக் கூடாது. ஊரில் எல்லோரும் முதலில் சொன்னது புத்தூர் கட்டு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதை விடுங்கள், இது மூட்டுக்குள்ளே நீரில் மிதக்கிற ஜவ்வு, மேலே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கிழிந்த இரண்டு முனையையும் அது எதிரெதிரே கொண்டுவந்து வைக்காது. எண்ணெய் போட்டு உருவி விட்டதில் எனக்கு வீக்கம் இன்னும் பத்து நாள் கூடுதலாக நின்றதுதான் மிச்சம்.

பிசியோ மட்டும் போதுமா என்றால், பல பேருக்குப் போதும். ஸ்வீடனில் 121 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2010-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன், இன்னொரு பிரிவில் 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து அந்த 59 பேரில் 23 பேர்தான் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள், ஐந்து வருடத்தில் 30 பேர். அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஏ.சி.எல். ஆபரேஷன் இல்லாமலே ஓட்டிவிட்டார்கள், முட்டியின் நிலையைக் கேட்டு மதிப்பெண் போட்டதிலும் இரண்டு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே சமயம் 2022-ல் பிரிட்டனில் 316 பேரை வைத்துச் செய்ததில், காயம் பழசாகி முட்டி நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபரேஷன்தான் மேல் என்று வந்தது. இரண்டும் முரண் இல்லை. புதுக் காயம் வேறு, நழுவுகிற முட்டி வேறு.

ஏ.சி.எல். தானாக ஒட்டவே ஒட்டாது என்ற பழைய வசனமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முட்டியை 90 டிகிரி மடக்கிய நிலையிலேயே நான்கு வாரம் பிரேஸ் போட்டுப் பூட்டி வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறார்கள். 2023-ல் வெளியிட்ட 80 பேரில் 90 சதவீதம் பேருக்கு மூன்று மாத ஸ்கேனில் ஜவ்வு கூடியதற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் அது காயம் பட்ட சில வாரங்களுக்குள் ஆரம்பிக்க வேண்டிய வேலை. அவ்வளவு நாள் காலை மடக்கியே வைத்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு, அதற்கும் மருந்து எடுக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியவரும்போது இரண்டு மாதம் ஓடிவிட்டது, முட்டி மூன்று முறை நழுவிவிட்டது. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை இன்னும் கொஞ்சம் அரைக்கும். கூட வாலிபால் ஆடிய ஒருவர், வயது நாற்பது, இப்படியே இரண்டு வருடம் ஓட்டி, ஒரு நாள் பஸ்ஸில் ஏறும்போது முட்டி மடங்கின நிலையில் பூட்டிக்கொண்டது. மெனிஸ்கஸ் கிழிந்து நடுவில் மாட்டியிருக்கிறது. எனக்கோ தினமும் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏணியில் ஏறுகிற பிழைப்பு. அதனால் ஆபரேஷன் என்று முடிவு.

கடன் யாரிடம் வாங்குவது

டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் முட்டியை வரைந்தார். கிழிந்த ஜவ்வைத் தைப்பதில்லை, அதன் இடத்தில் நம் உடம்பிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே இழுத்துக் கட்டுவார்கள். உள்ளே செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் கிளை பிரிகிறது. ஒன்று, தொடையின் பின்பக்கம் உள்ள ஹாம்ஸ்ட்ரிங்கில் இரண்டு நீளமான நார்கள். இன்னொன்று பி.டி.பி., அதாவது முட்டிச் சில்லிலிருந்து கீழே கால் எலும்புக்கு இறங்குகிற பட்டையின் நடு மூன்றில் ஒரு பங்கை, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு, இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு சேர்த்து வெட்டி எடுப்பது.

நான் வழக்கம் போல, "எது சார் பெஸ்ட்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். "முட்டி போடற வேலையா?" என்றார். அந்தக் கேள்வியை மச்சினனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவனிடம் கேட்டது "என்ன விளையாட்டு?" என்பது மட்டும்தான்.

பி.டி.பி.க்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். எலும்போடு எலும்பு ஒட்டுவதால் ஏறக்குறைய ஆறு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், வெறும் நார் எலும்பில் ஒட்ட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முட்டி நழுவாமல் நிற்கிற இறுக்கமும் அதில் ஒரு படி மேல். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்று நாட்டிலும் இந்த ஆபரேஷன்களுக்கென்றே பதிவேடு வைத்திருக்கிறார்கள், அதில் ஹாம்ஸ்ட்ரிங் போட்டவர்கள் மறு ஆபரேஷனுக்கு வருவது பி.டி.பி.யைவிடக் கூடுதல், இளவட்டங்களில் முக்கியமாக. மொத்தத்தில் பார்த்தால் நூற்றுக்குச் சில பேர் கணக்குதான், இருந்தாலும் வித்தியாசம் வித்தியாசம்தானே. சட்டென்று திரும்பி ஓட வேண்டிய ஆட்டக்காரர்களுக்குப் பல டாக்டர்கள் பி.டி.பி.யைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மச்சினன் பதினோராவது மாதம் களத்தில் இறங்கினான். கபடியில் ரெய்டு போகிறவனுக்குத் தொடையின் பின்பக்கம்தான் மூலதனம், அதைத் தொடாமல் விட்டது அவனுக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது முட்டி போடுகிற விஷயம். இதில்தான் நான் ரொம்ப நேரம் நிற்கப்போகிறேன்.

நாம் முட்டி போடும்போது பாரம் சில்லின் மேல் விழுகிறது என்று நினைக்கிறோம். தரையில் முட்டி போட்டுக் கையை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சில்லின் கீழ் நுனியிலும், அதற்குக் கீழே கால் எலும்பில் புடைத்துக்கொண்டிருக்கிற மேட்டிலும், இரண்டையும் இணைக்கிற பட்டையிலும்தான் விழும். பி.டி.பி. எடுப்பது சரியாக அந்த மூன்று இடத்திலிருந்து. சில்லின் கீழ் நுனியில் ஒரு எலும்புத் துண்டு, நடுப் பட்டை, கீழே மேட்டில் இன்னொரு எலும்புத் துண்டு. மேலே தோலில் நேர்குத்தாக ஒரு தழும்பு. அந்தப் பள்ளமும் தழும்பும் ஆறின பிறகும், பாரம் அதன் மேல்தான் விழப்போகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2011-ல் 19 சோதனைகளில் இருந்த 1,597 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. எது மேல் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் முடித்தது. ஆனால் இறுக்கம் பி.டி.பி.யில் அதிகம், முன்முட்டித் தொந்தரவும் முட்டி போட்டால் வலியும் அதிலேயே அதிகம், முட்டி மடக்கும் வலு ஹாம்ஸ்ட்ரிங்கில் குறைகிறது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகளில் முட்டி போடுவது ஒரு வரியோடு போய்விடும். தோட்ட வேலை செய்தால் சிரமம் என்கிற அளவில். நம் ஊரில் அது வாழ்க்கையில் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஆபரேஷனுக்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. டைல்ஸ் ஒட்டுகிறவர், வயரிங் இழுக்கிறவர், வாசலில் பெரிய கோலம் போடுகிறவர், பள்ளிவாசலில் தொழுகிறவர், சர்ச்சில் மண்டியிடுகிறவர், பாயில் படுத்து எழுகிற எல்லோரும். தரையிலிருந்து எழுவதற்கு முதலில் ஒரு முட்டியை ஊன்றித்தானே ஆக வேண்டும்?

மச்சினன் கல்யாணம் 2024 தை மாதம். தாலி கட்டி முடிந்து அப்பா அம்மா காலில் விழச் சொன்னார்கள். மணமேடையில் மரப்பலகை, அதன் மேல் மெல்லிசாக ஒரு ஜமுக்காளம். இவன் வலது முட்டியை ஊன்றி, இடது காலைப் பின்னால் நீட்டி, ஓட்டப் பந்தயத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி ஒரு நிலையில் நின்றான். பாட்டி, "ஒழுங்கா விழுடா, என்னடா அரைகுறையா" என்று சத்தம் போட்டுவிட்டது. முழுதாக விழுந்தான். எழுந்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தது நானும் என் மனைவியும்தான். அப்புறம் இன்னும் பதினாறு பேர் காலில் விழ வேண்டியிருந்தது. ராத்திரி கேட்டதற்கு, "ஆணி மேல உக்காந்த மாதிரி இருக்கு மாமா, வலின்னுகூட சொல்ல முடியாது, கூசுது, சுருக்குன்னு ஏறுது" என்றான். அப்போது ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது வந்துகொண்டிருந்த வலி முதல் வருடத்தோடு போய்விட்டது, இது போகவில்லை. போன மாதம் கேட்டேன், மெத்தையில் ஊன்றினால் பரவாயில்லை, தரையில் இன்னும் அப்படித்தான் என்றான்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. பி.டி.பி. செய்து நன்றாக முட்டி போடுகிறவர்களும் இருப்பார்கள். ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தும் முட்டி போட முடியாதவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் அதற்கும் முட்டிக்குக் கீழே உட்பக்கமாக ஒரு வெட்டு உண்டு. ஆனால் வாய்ப்புக் கணக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவு. என் தொழிலுக்கு அந்தக் கணக்கு போதும்.

என் பக்கத்துக் குறைகள்

ஹாம்ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் பிடித்துவிட்டு அதன் தொல்லைகளைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரம் ஆகிவிடும்.

ஆறாவது வாரம், வாக்கர் எல்லாம் விட்டு நன்றாக நடந்துகொண்டிருந்தேன். வாசலில் இடது செருப்பைக் கழற்ற, குதிகாலை வாசற்படியில் மாட்டிப் பின்னால் இழுத்தேன். தொடைக்குப் பின்னால் 'சடக்'. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், போட்ட ஜவ்வு போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் தொடையின் பின்பக்கம் கருநீலமாகக் கன்றிவிட்டது. டாக்டர் முட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போட்டது பத்திரமாக இருக்கிறது, எடுத்த இடத்தில் ஆறிக்கொண்டிருந்தது பிய்ந்திருக்கிறது, இது நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்றார். நடப்பதுதான் என்றால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் பயிற்சி பின்தங்கியது. ஹாம்ஸ்ட்ரிங் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் முதல் இரண்டு மூன்று மாதம் செருப்பைக் கையால் கழற்றுங்கள்.

இரண்டாவது, குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்துக்குக் கொண்டுவர வலது காலால் முடிகிறது, இடது காலால் கை உதவி இல்லாமல் இன்றும் முடியவில்லை, கடைசி ஒரு சாண் தூரம் வலு இல்லை. எடுத்த நார் பல பேருக்குப் பல்லி வால் போலத் திரும்ப வளரும் என்கிறார்கள், வளர்ந்தாலும் பழைய வலு முழுதாக வருவதில்லை. அன்றாடத்தில் இது எனக்கு இடைஞ்சல் இல்லை. ஓட்டப் பந்தயக்காரருக்கோ, கீழே ஆளை மடக்கிப் பிடிக்கிற மல்யுத்தக்காரருக்கோ இது பெரிய விஷயமாக இருக்கும்.

மூன்றாவது, கிருமித் தொற்று. இந்த ஆபரேஷனில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான், ஆனால் வந்தால் மூட்டைத் திறந்து கழுவ வேண்டும், சில சமயம் போட்டதையே எடுக்க வேண்டியிருக்கும். இதில் ஹாம்ஸ்ட்ரிங்குக்குப் பங்கு கொஞ்சம் கூடுதல். அதற்கு ஒரு எளிய வைத்தியம் வந்திருக்கிறது. எடுத்த நாரை உள்ளே போடும் முன் வான்கோமைசின் மருந்தில் நனைத்த துணியில் சுற்றி வைப்பது. ஆஸ்திரேலியாவில் 2012-ல் வெளியிட்ட கணக்கில், நனைக்காத 285 பேரில் 4 பேருக்குத் தொற்று, நனைத்த 870 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. உங்கள் டாக்டர் இதைச் செய்கிறாரா என்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்.

நான்காவது, நாரின் தடிமன். நான்காக மடித்த பிறகு 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பின்னாளில் அறுந்துபோகும் வாய்ப்பு கூடும். ஒல்லியானவர்களுக்கு, உயரம் குறைந்தவர்களுக்கு இது நடக்கும், உள்ளே திறந்து எடுத்து அளக்கும் வரை உறுதியாகத் தெரியாது. இளவயது ஆட்டக்காரர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங்கோடு முட்டியின் வெளிப்பக்கம் ஒரு பட்டையையும் சேர்த்து இறுக்குகிறார்கள். 618 பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளிவந்த சோதனையில் அப்படிச் சேர்த்தவர்களுக்கு அறுந்துபோவது 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. எனக்குச் செய்யவில்லை, நான் இனிமேல் ஸ்மாஷ் அடிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் மரத்துப்போன தோல். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் எனக்கு உணர்வு இல்லை, கொசு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனாலும் தெரியாது. வெட்டுகிற இடத்தின் குறுக்கே போகிற மெல்லிய நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது. மச்சினனுக்கும் இருக்கிறது. ஆக இதில் இரண்டும் சமம்.

எதை எடுத்தாலும் மாட்டுகிற இடம்

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும், கால் முழுதாக நீளாமல் போவது. நம் ஆட்கள் எல்லோரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு ஐந்தாவது வாரம் 120 டிகிரி மடங்கியது, பெருமையாக வீடியோ எல்லாம் எடுத்தேன். பிசியோ அதைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் காலை நீட்டச் சொல்லி, முட்டிக்கு அடியில் கையை விட்டார், கை உள்ளே போனது. "இன்னும் அஞ்சு டிகிரி பாக்கி" என்றார். அந்த ஐந்து டிகிரி பாக்கி இருந்தால் நடையில் நொண்டல் போகாது, முன்தொடைத் தசை விழித்துக்கொள்ளாது. உள்ளே போட்ட நாருக்கு முன்னால் ஒரு சதை முடிச்சு வளர்ந்து கதவிடுக்கில் கல் மாட்டின மாதிரி தடுக்கலாம். அதைச் சைக்ளாப்ஸ் என்கிறார்கள், அதை எடுக்க மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு, முட்டியின் மேல் இரண்டு கிலோ துவரம்பருப்பு பாக்கெட், பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து முறை. எனக்கு மூன்று வாரத்தில் வழிக்கு வந்தது. நீளாமல் போகிற இந்தத் தொல்லையும் பி.டி.பி.யில் சற்று அதிகம் என்று பார்த்தேன், ஆனால் மச்சினனுக்கு அது வரவே இல்லை, எனக்குத்தான் வந்தது. கணக்கு வேறு, கால் வேறு.

வீக்கத்தோடு இருக்கிற முட்டியை அவசரப்பட்டு ஆபரேஷன் செய்தாலும் இந்த விறைப்பு வரும். வீக்கம் வடிந்து, கால் நன்றாக நீண்டு மடங்கிய பிறகு செய்வதே நல்லது. பூட்டிக்கொண்ட முட்டி மாதிரி அவசரங்கள் தனி. பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு முட்டி சுட்டாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

களத்துக்குத் திரும்புகிறவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன்னால் இறங்க வேண்டாம். நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்டதில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. மச்சினன் ஏழாவது மாதமே துடித்தான், அவன் அப்பா பைக் சாவியை ஒளித்து வைத்துத்தான் காப்பாற்றினார்.

மற்ற வழிகளை ஒரு பத்தியில் முடிக்கிறேன். முன்தொடையில் சில்லுக்கு மேலிருந்து எடுக்கிற குவாட்ரிசெப்ஸ் நார் இப்போது பிரபலமாகி வருகிறது, முட்டி போடுகிற இடத்தைத் தொடாது, தடிமனும் நன்றாகக் கிடைக்கும். எனக்குத் தெரிந்து யாரும் செய்துகொள்ளவில்லை, அதனால் அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. இன்றைக்கு எனக்கு மறுபடி தேர்வு கொடுத்தால் அதைப் பற்றி நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பேன் என்பது மட்டும் நிச்சயம். கணுக்காலுக்குப் பின்னால், வெளிப்பக்கம் ஓடுகிற பெரோனியஸ் லாங்கஸ் நாரையும் நம் நாட்டில் நிறையப் பேர் எடுக்கிறார்கள். முட்டியில் கைவைக்காத வழி, ஆனால் ஏணி ஏறுகிறவனுக்குக் கணுக்கால் முக்கியம் என்று நான் ஒதுங்கிவிட்டேன். இறந்தவர்களிடமிருந்து பெறுகிற நார் இளவயதினருக்கு அறுந்துபோவது அதிகம். செயற்கை நார் 1980-களில் பரபரப்பாக வந்து, உள்ளே தேய்ந்து உதிர்ந்து மூட்டைப் புண்ணாக்கிப் பேர் கெட்டுப்போனது, புதுத் தலைமுறை வந்திருந்தாலும் எனக்கு ஆசை வரவில்லை. செலவைப் பொறுத்தவரை ஹாம்ஸ்ட்ரிங்குக்கும் பி.டி.பி.க்கும் எனக்குச் சொன்ன தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை, நாரை எலும்பில் பிடித்து வைக்க உள்ளே போடுகிற பட்டன், ஸ்க்ரூ எந்தக் கம்பெனி என்பதில்தான் ஏறி இறங்கியது.

என் முட்டிக்கு இப்போது இரண்டேகால் வருடம். மெனிஸ்கஸில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள், அதனால் பத்து வருடம் கழித்துத் தேய்மானம் எப்படி இருக்கும் என்பது இந்தக் கணக்கில் வராது, எந்த நாரைப் போட்டாலும் தேய்மானத்துக்கு அது காப்பீடு இல்லை.

கடைசியாக ஒரு விஷயம், நான் கையெழுத்துப் போடும்போதுதான் கவனித்தது. சம்மதப் படிவத்தில், எடுக்கிற நார் மெலிசாக இருந்தாலோ இழுக்கும்போது பாதியில் அறுந்தாலோ வேறு இடத்திலிருந்து எடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி. "வேற இடம்னா எது சார்?" என்றேன். "பி.டி.பி.தான்" என்றார். அவ்வளவு யோசித்து, மச்சினன் முட்டியைப் பார்த்துப் பார்த்து முடிவெடுத்து, கடைசியில் மேஜை மேல் படுத்த பிறகு அது மாறிவிடலாம். உங்களுக்கும் அந்த வரி இருக்கும், இரண்டாவது தேர்வு எது என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள், அப்படி வந்தால் முட்டிக்குப் பதில் மற்றக் காலின் ஹாம்ஸ்ட்ரிங்கை எடுக்க முடியுமா என்று நான் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் வேலை செய்தது. நடுவில் பச்சைத் துணி. அந்தப் பக்கம் எதையோ இழுப்பதும், தட்டில் வைப்பதும், யாரோ எண் சொல்வதும் கேட்டது.

"எத்தனை எம்.எம். வந்துச்சு சார்?" என்று துணிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"தூங்கலையா நீங்க?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எட்டரை" என்றார்.